லாபுவில் நின்ற புகையில்லாத இன்ஜின்

ஐப்பசி 9, வியாழன்

தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிவிட்டுத் திரும்பும்போது லாபு ரயில் ஸ்டேஷனில் புகைபோக்கியே இல்லாத ஓர் இன்ஜின் நின்றது. டீசலாம். என் வீட்டுக்காரர் கெமாஸில் ரயில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கிற அவசரகாலமென்று லீவு தருவதில்லை. முகம் பார்த்து ஐந்து மாதமாகிறது.

டிரைவரிடம், "அண்ணே, கரி போடுறவரு எங்க?" என்று கேட்டேன்.

"இதுக்குக் கரியே வேணாம்லா, தங்கச்சி. இனிமே எல்லாம் இப்படித்தான் வரும்," என்றார்.

கூட வந்த மாரியாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப உன் வீட்டுக்காரருக்கு வேலை போயிடுமேடி," என்றாள். நான் நடையை எட்டிப் போட்டேன். வேலை போனால் வீட்டுக்கு வந்துவிடுவாரே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதை அவளிடம் எப்படிச் சொல்வது? தப்புதான். இதை எழுதும்போதும் அந்தச் சந்தோஷம் போகவில்லை.