ஊர்ப் பெயரில் ஒரு திருத்தம்

அன்பு மகளுக்கு,

இசைத்தட்டின் உறையில் அச்சிட நீ எழுதிய உங்கள் குழுவின் வரலாற்றைச் சிவப்புப் பேனாவோடு வாசித்தேன். "பேய்க் கத்தலுக்கும் மார்க்ஸ் போடுறீங்களா, மேடம்?" என்று அப்பா கிண்டல் செய்தார்.

தொண்ணூறுகளில் தொடங்கிய நோர்வே நாட்டு பிளாக் மெட்டல் அலறல் இசைக் குழு, இரண்டு முறை கலைந்து, நீ டிரம்ஸ் வாசிக்க வந்தபின் மீண்டும் எழுந்ததாம். அந்த இரைச்சல் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வரியை நாலு தடவை வாசித்தேன்.

ஒரே பிழைதான். உன் ஊர் கண்டி என்று இருக்கிறது. அப்படிச் சொல்லப் பழக்கியது நான்தான். தேயிலைத் தோட்டத்துப் பெண் என்று தெரியாதிருக்க, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முப்பது வருடமாக நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். கண்டியை வெட்டிவிட்டேன்.

புசல்லாவைத் தோட்டத்தில் தப்பு மேளம் அடித்தவரின் பேத்தி என்று போடு. அச்சானதும் ஒரு பிரதி அனுப்பு. பல்கலைக்கழகத்தில் என் மேசைமேல் வைக்க வேண்டும்.

உன் அம்மா