சூப்புக்கு வைத்த கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

சேறும் பனியும். சப்பாத்து ஊறிப்போனது. வீடிருக்கும் புருசெத்திலிருந்து நின்றபடியே ரயில் பயணம்.

இன்று அலுவலகத்துக்கு மாரித் என்றொரு பெண். சாமி என்ற பழங்குடி இனத்தவர், நாட்டின் வடக்கில் பனிமான் மேய்ப்பவர். எங்கள் நிறுவனத்தின் "காடு மீளமைப்பு" பற்றிக் கதைக்க வந்தவர்.

மீளமைப்பாம்! கிழட்டுப் பைன் மரங்களை வெட்டிவிட்டு வரிசையாகக் கன்று நடுவது. நிலத்துப் பனி இறுகிக் கல்லானால், அந்தக் கிழ மரங்களில் தாடியாகத் தொங்கும் பாசிதான் மான்களுக்குச் சாப்பாடு. மாரித் இதைச் சொல்லி முடிக்கவில்லை, மேலாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தே நிமிடம். எழும்பிப் போய்விட்டார்.

சாப்பாடு வேண்டாம் என்றார் மாரித். எனக்கு மனம் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்த மனிசியை வெறும் வயிற்றோடு அனுப்புவதா? கொஞ்சம் சூப்பாவது என்று விடாப்பிடியாக நின்றேன். கன்ரீனில் விருந்தாளிகள் தாளில் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தார். அரைக் கோப்பை குடித்தார்.

மார்ச் 6, வியாழன்

வாங்க வேண்டியவை: மைசூர்ப் பருப்பு, செத்தல் மிளகாய், மகளுக்குக் கையுறை (திரும்பவும் தொலைத்துவிட்டாள்).

மீளமைப்பு அறிக்கை வந்தது. பின்னிணைப்பில்: "மேய்ப்பர்களுடன் கலந்தாலோசிக்கப்பட்டது." ஆதாரம், கன்ரீன் தாள். மேலே இருந்த "மதிய உணவு" என்ற தலைப்பை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

சீ! என்ன பிறவிகள்!

மேலாளரிடம் போனேன். "வந்தார், பேசினோம், கையெழுத்து இருக்கிறது. நீங்கள்தானே வாங்கித் தந்தீர்கள், நன்றி" என்று பல்லைக் காட்டினார். அனுமதி கொடுக்கும் மாகாண அலுவலகம் இந்தத் தாளை நம்பினால் கோடையில் மரம் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். வாங்கிக் கொடுத்தவள் நான். அந்த ஆளைவிட என்னை நினைக்கத்தான் அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

காலைத் தேத்தண்ணியோடு இவரிடம் சொன்னேன், மாகாண அலுவலகத்துக்கு உண்மையை எழுதப்போவதாக. "என்ன, உமக்குச் சாமி வந்திட்டுதோ?" பகிடியாம். கோப்பையைத் தொம்மென்று வைத்தேன். பிறகு தானாகவே, "எழுதுறதெண்டா எழுதும். வேலை போகும், யோசிச்சுக்கொள்ளும்."

ஓம். போகும்.

மார்ச் 10, திங்கள்

வெயில். மாகாண அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பினேன். அது சூப்புக்கு வைத்த கையெழுத்து, வற்புறுத்தியது நான். என் பெயர், பதவி எல்லாம் போட்டேன். பிரதி மாரித்துக்கு, மன்னிப்போடு.

பின்னேரம் அவரிடமிருந்து பதில்:

"சூப் குடிக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டீர்கள். காட்டைப் பற்றி ஒரு தரமும் கேட்கவில்லை."