கீபோர்டு கெட்டுப்போகலைங்க

ஏங்க, நீங்க வர்றப்போ நான் டியூட்டிக்குக் கிளம்பியிருப்பேன். சாப்பாட்டை மூடி வச்சிருக்கேன். இன்னிக்கும் நான் தனியாத்தான் சாப்பிட்டேன்.

உங்க பழைய லேப்டாப்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டு கீபோர்டைக் கெடுத்துட்டேன்னு ஞாயித்துக்கிழமையிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க. கீபோர்டுக்கு ஒண்ணும் ஆகலை. அப்டேட் பண்றப்போ வர்ற அந்தக் கறுப்புத் திரையில பாஸ்வேர்டு அடிச்சா ஒரு புள்ளிகூடத் தெரியாது. ஆனா அடிக்கிறதெல்லாம் உள்ளே போய்க்கிட்டுத்தான் இருக்கும். முழுசா அடிச்சுட்டு என்டரைத் தட்டுங்க.

எனக்கு இது பழக்கம்தான். எதையும் வெளியே காட்டாத ஆளோடதானே தினமும் பேசிக்கிட்டிருக்கேன்.

பாதுகாப்பு அப்டேட் வந்திருக்கு. சார்ஜரை மாட்டிட்டு ஆரம்பிங்க, பாதியில மூடிடாதீங்க.

பி.கு: பாஸ்வேர்டு நம்ம கல்யாணத் தேதி. மறந்திருந்தா போன் பண்ணுங்க.

ஞாபகம் இருந்தாலும் பண்ணுங்க.