உப்புப் போட்ட ஐஸ்

யூன் 4

சோளகக் காற்று அடங்குவதாக இல்லை. இரண்டு நாளாக அக்கரைக் குறிகட்டுவானுக்குப் படகு ஓடவில்லை. நெடுந்தீவுக் கடைகளில் ஒரு தக்காளிப்பழம்கூட இல்லை. தம்பி லியோனுக்குக் கஞ்சி வைத்தேன். இரண்டு கரண்டி குடித்தான், அதையும் சத்தி எடுத்தான். வயிற்றில் புற்றுநோயோடு கிடப்பவனை "இன்னும் கொஞ்சம் குடி" என்று நச்சரிக்கிற என்னை எனக்கே பிடிக்கவில்லை.

பின்னேரம் திடீரென்று சொன்னான்: "அக்கா, நான் செத்தால் என்ரை கண்ணைக் குடுங்கோ. டொக்ரரிட்டக் கேட்டனான். கிட்னி, ஈரல் ஒண்டும் எடுக்க ஏலாதாம். கண் எடுக்கலாமாம்."

அப்பா வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "விசர்க்கதை கதையாதை" என்றார், நிமிராமலே.

யூன் 6

லியோனுக்கு நற்கருணை கொடுக்க வந்த சுவாமியாரை அப்பா படலையடியில் மறித்துக் கேட்டார். "கண்ணில்லாமப் போனால் உயிர்ப்பு நாளில பிள்ளை என்னெண்டு எழும்புறது?"

"சில்வெஸ்ரர், உம்மடை அண்ணன் கடலோட போனவர். அவரை மீன் திண்டிருக்கும். ஆண்டவர் அவரை விட்டிடுவாரோ?" என்றார் சுவாமியார்.

அப்பா உள்ளே வந்து லியோனின் காலடியில் இருந்தார். "குடு. ஆனா நான்தான் கொண்டு போவன்."

லியோன் சிரித்தான். "அப்பான்ரை பெட்டியில போனது ஒண்டும் பழுதாகாது" என்றான். அது உண்மை. அப்பாவின் மீனைக் குறிகட்டுவானில் எந்த வியாபாரியும் திருப்பி விட்டதில்லை.

யூன் 9

லியோன் காலமை போய்விட்டான். முகம் துடைக்கத் துணி நனைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

யூன் 10

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

நேற்றே எங்கள் தீவு ஆஸ்பத்திரி டொக்டர் வீட்டுக்கு வந்து கண்களை எடுத்தார். இமையை மூடி விட்டார். நித்திரை கொள்கிறவன் மாதிரித்தான் இருந்தான். இரண்டு சின்னப் போத்தல், அதைச் சுற்றி ஐஸ், மீன் அனுப்புகிற மாதிரி ஒரு வெள்ளை றெஜிபோம் பெட்டி. "இது குளிரா இருக்கவேணும். யாழ்ப்பாணத்தில குடுக்குமட்டும் திறக்க வேண்டாம்" என்று அப்பாவிடம் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அவரைத் தேடுகிறார்கள் என்று ஓடிவிட்டார்.

அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு போனார். "பிள்ளையின்ரை பிரேதத்தை விட்டிட்டுப் போறாரே மனுசன்" என்று பக்கத்து வீட்டு இராசமணி மாமி தொடங்கினா. "அவர் பிள்ளையோடதான் போறார்" என்றேன்.

நேற்றுக் காற்றினால் காலமைப் படகு விடவில்லையாம். பின்னேரம்தான் விட்டார்களாம். அப்பா இன்று மத்தியானம் திரும்பி வந்தார். களைத்துப்போயிருந்தார், ஆனால் முகத்தில் ஒரு தெளிவு.

"துறையில காத்திருக்க ஐஸ் கரையத் துவங்கீட்டுது, பிள்ளை. நான் விடுவனே? எங்கடை மீன் வாடியில ஐஸ் அள்ளி, கல்லுப்பும் போட்டு இறுக்கிக் கட்டினனான். கையில குடுக்கேக்கை பெட்டியைத் தொட ஏலாது, அவ்வளவு குளிர்."

உப்புப் போட்டால்தான் ஐஸ் கடிக்கும், மீன் பழுதாகாமல் நிற்கும். இந்தத் தீவில் இது தெரியாதவர்கள் யார்? எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பின்னேரம் லியோனை அடக்கம் செய்தோம்.

யூன் 13

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஒரு பெண் டொக்டர், மெதுவாகக் கதைத்தா.

"அக்கா, சொல்லக் கஷ்டமா இருக்கு. கண் ரெண்டும் உறைஞ்சு போச்சு. வைக்க ஏலாது."

எனக்கு விளங்கவில்லை. குளிரத்தானே வேண்டும்?

"குளிர வேணும், உறையக் கூடாது. வெறும் ஐஸெண்டால் பிழையில்லை. உப்புச் சேர்ந்தால் குளிர் பூச்சியத்துக்கும் கீழ போயிடும். பெட்டிக்குள்ள கல்லுப்புக் கிடந்தது. ஆர் போட்டது?"

"தெரியாது" என்றேன்.

ஒரு ஆசிரியையை ஒப்பரேசனுக்கு ஆயத்தப்படுத்தி வைத்திருந்தார்களாம். திருப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். என் தம்பி சாகக்கிடந்து யோசித்துக் கொடுத்த ஒரேயொரு சாமான். கழித்து எறிந்திருப்பார்கள். எங்கே எறிந்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திறக்க வேண்டாம் என்று சொன்னவர்தான். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? ஐஸைப் பற்றி அப்பாவுக்கு வேறு ஆர் சொல்லித் தருவது என்று நினைத்தேனே நானும் — ஆரைக் கோபிக்கிறது நான்? ஆரை?

யூன் 14

இன்றைக்கு அப்பாவுக்குச் சொல்ல வேண்டும்.

யூன் 15

சொல்லவில்லை.

யூன் 23

சாப்பிடும்போது அப்பா கேட்டார். "ஆஸ்பத்திரியால ஒண்டும் அறிவிக்கேல்லையே?"

"அறிவிச்சவை அப்பா. ரெண்டு பேருக்கு வைச்சாச்சாம்."

என் வாயிலிருந்து அது எவ்வளவு சுகமாக வந்தது. அப்பா சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார். "ஆம்பிளையோ பொம்பிளையோ?" ஆரென்று சொல்ல மாட்டார்கள் என்றேன். அது மட்டும் பொய்யில்லை.

யூலை 9

முப்பத்தோராம் நாள் பூசை. அப்பா கேட்டுக்கொண்டபடி சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: லியோனின் கண்ணால் இரண்டு பேர் பார்க்கிறார்கள். பூசை முடிய அடுத்த தெரு அந்தோனியம்மா மாமி அப்பாவின் கையைப் பிடித்து, "உன்ரை பெடியன் இப்ப எங்கையெல்லாம் பாக்கிறானோ" என்றா. நான் குனிந்து அழுதேன். தம்பிக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெட்கத்தில் அழுதேன்.

யூலை 16

வலைநூல் வாங்க யாழ்ப்பாணம் போன அப்பா கடைசிப் படகில் வெறுங்கையோடு வந்தார். "கடை பூட்டு" என்றார். சாப்பிடவில்லை.

யூலை 18

குறிகட்டுவானில் அப்பாவின் மீன் எடுக்கிற ஜெகதீஸ் போன் பண்ணினான். "அக்கா, அப்பாவுக்குச் சுகமில்லையே? மீன் நொந்து, பழுதாகிற மாதிரி வந்திருக்கு. ஐஸில ஒரு கல் உப்பு இல்லை."

குசினி மூலையில் போய்ப் பார்த்தேன். உப்புச் சாக்கு நிறைய இருந்தது. வாய் கட்டியிருந்தது.

"ஏனப்பா உப்புப் போடேல்லை?"

அவர் என்னை ஒருக்கால் பார்த்தார். அப்போது எனக்கு விளங்கிவிட்டது, யாழ்ப்பாணத்தில் அவர் எந்தக் கடைக்கும் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறார்.

யூலை 19

காலமை கடலுக்குப் போக முதல் என்னைக் கூப்பிட்டார். இஞ்சினுக்கு எண்ணெய் விட்டபடியே கதைத்தார்.

"வயசு போன ஆக்களின்ரை கண்ணும் எடுப்பினமாம். கேட்டனான். பேரும் குடுத்திட்டன்."

"ஓம் அப்பா."

"நான் சாகிற அண்டைக்குப் பெட்டியை நீ கொண்டு போ, பிள்ளை. காத்தெண்டாலும், படகு பிந்தினாலும், ஐஸ் கரைஞ்சு தண்ணியானாலும் திறக்காதை."

திறக்க மாட்டேன் என்றேன். லியோனின் கண் ஆரிடம் என்று அவர் கேட்கவில்லை. பொய் சொன்னதற்காக என்னை ஏசவும் இல்லை. படகைத் தள்ளிக்கொண்டு போனார்.