தாமசின் இரண்டு முறை பாடினாள்

அன்புள்ள பேரன் ஜைல்ஸுக்கு, உன் பாட்டி ஆக்னஸ் நாரிச்சிலிருந்து எழுதுவது.

போன வாரம் நம் வீட்டு விருந்து மேசையில் இருந்தவர்கள்: உன் அம்மா மார்ஜரி, உன் தங்கை தாமசின், அவளைப் பெண் கேட்டு வந்த கம்பளி வியாபாரி ஹோபர்ட், அவன் அக்கா, லூட் என்ற நரம்புக் கருவி மீட்டிய பாட்டு வாத்தியார் அம்புரோஸ், அப்புறம் நான். எவர் கேட்டாலும் இதே வரிசையில் சொல்லுவேன்.

கடலுக்கு அப்பால் உனக்குக் குளிர் எப்படியோ? இங்கே மழை விடவில்லை. என் முழங்கால் வீக்கமும் விடவில்லை.

ஹோபர்ட் இரண்டு மனைவிகளைப் புதைத்தவன். தாமசினுக்கு அவன் வேண்டாம். விருந்தில் ஒரு பெண் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ஆனால் பாட்டில் எதையும் சொல்லலாம். அதனால் தானே வரி கட்டினாள்: 'இந்தக் கையில் கொடுப்பதைவிட என்னை மண்ணில் கொடுத்துவிடுங்கள்.'

வாத்தியாரோ பழக்கும்போதெல்லாம், "சொல்லைக் கடிக்காதேம்மா, குரல் தேனா வழியணும்" என்பார். கேட்கிறவங்களுக்குப் புரிய வேண்டாமா என்றேன். "புரியணும்னா சர்ச்சுக்குப் போய்ப் பிரசங்கம் கேளுங்கம்மா" என்றார். அந்தத் திமிரை நான் மறக்கவில்லை.

அவர் சொன்னபடியே பாடினாள். தேன்தான் வழிந்தது. ஹோபர்ட் அக்காவிடம், "இது இத்தாலிய பாஷையாக்கா?" என்று கேட்டான்.

நான் மேசையைத் தட்டினேன். "இன்னொரு தடவை பாடுடி. இந்தக் கிழவிக்குக் காது மந்தம்னு நெனச்சுப் பாடு" என்றேன்.

பாடினாள். ஒவ்வொரு சொல்லும் சுவரில் போய் மோதியது. வாத்தியாரின் விரல் நரம்பிலேயே நின்றுவிட்டது. ஹோபர்ட் எழுந்து போய்விடுவான் என்றே நினைத்தேன்.

உன் அம்மாதான் முதலில் கைதட்டினாள். "இப்பல்லாம் சோகமாப் பாடறதுதானே நாகரிகம்! என்ன உருக்கம் பாருங்க!" என்று சிரித்தாள். உடனே எல்லாரும் தட்டினார்கள். ஹோபர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் விரலில் மோதிரம் போட்டான்.

வரும் ஞாயிறு சர்ச்சில் கல்யாண அறிவிப்பு தொடங்குகிறது; 'யாருக்காவது ஆட்சேபம் உண்டா' என்று மூன்று ஞாயிறு கேட்பார்கள். அப்பா இல்லாத வீட்டில் உன் சொல்லைத்தான் பாதிரியார் கேட்பார். கப்பல் ஏறு ஜைல்ஸ். முடியாவிட்டால் 'சம்மதமில்லை' என்று அவருக்கு ஒரு வரி எழுது.

வாத்தியாரை என்றாவது மன்னிப்பேன். அவருக்கு ஓசைதான் தெரியும். ஹோபர்ட்டையும் மன்னிப்பேன், பாட்டென்றுதான் கேட்டான். ஆனால் அன்று காலை தாமசின் அதே சொற்களை, பாட்டில்லாமல், ஒருத்தியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுது சொன்னாள். நான் அடுக்களையில் பட்டாணி உரித்துக்கொண்டு கேட்டேன்.

ஆண்டவர் உன்னைக் கரை சேர்க்கட்டும். எல்லாருக்காகவும் ஜெபிக்கிறேன், ஒருத்தியைத் தவிர. அவள் என் வயிற்றில் பிறந்த மார்ஜரி.