மஞ்சள் பட்ட ஓட்டு

அத்தை,

சித்தப்பா மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. அம்மா ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து என் முன்னால் வைத்து, "நாலு மூலைக்கும் வை, வெரசா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் விரலைக் கிண்ணத்துக்குள் விட்டேன். ஈர மஞ்சளின் வாடை மூக்கில் ஏறியதும் பத்திரிகையின் பக்கமே விரல் போகவில்லை. கையைக் கழுவிவிட்டு மாடிக்கு வந்து இதை எழுதுகிறேன். அம்மா கேட்டால் தலைவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்த்தால் பயம் கொஞ்சம் இறங்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் அப்பாவின் பெரியப்பா மகள். நாற்பத்திரண்டு வருஷம் அமெரிக்காவில் நர்ஸாக இருந்தீர்கள். மாமா இறந்த பிறகு மேலகரத்தில் எங்கள் எதிர்வீட்டுக்கு வந்தீர்கள். எங்கே பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வந்து நிற்கிறது என்பீர்கள். சின்ன எழுத்தை எல்லாம் படித்துக் காட்ட என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். நானும் படிக்க ஏதாவது கிடைத்தால் விடாதவள். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட உங்களுக்கு முழுதாகப் படித்திருக்கிறேன்.

உங்கள் ஃபிரிட்ஜ் கதவில் வட்ட வட்டமாக ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கொடி. 'நான் ஓட்டுப் போட்டேன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அங்கே அதைக் கொடுப்பார்களாம். வந்து இறங்கிய பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் வைத்து அவற்றைக் கொண்டுவந்திருந்தீர்கள்.

அப்பா உங்களைச் சீண்டுவார். "அங்கன இருக்கும்போது குற்றாலம் குற்றாலம்னு போன்ல அழுதா. இங்கன வந்த பெறகு அமெரிக்கா அமெரிக்காங்கா. எங்கதான் இருக்கா எங்க அக்கா?"

"பொறந்த வீட்டுல வந்து படுத்துக் கெடந்தாலும், புகுந்த வீட்டுல அடுப்பு எரியுதான்னு மனசு கேக்கும்லா" என்றீர்கள். 

சாயங்காலம் ஏழு மணிக்கு டோரத்தி அம்மா போன் செய்வார். அங்கே அப்போது காலை. உங்களோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவர், வயது எண்பத்து நாலு. நீங்கள் ஒரு கட்சி, அவர் எதிர்க்கட்சி. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு பேரும் சண்டை போடுவதைக் கேட்டால், இனி இவர்கள் ஜென்மத்துக்கும் பேசமாட்டார்கள் என்று தோன்றும். கடைசியில் "இன்றைக்கு நடந்தாயா? பிரஷர் மாத்திரை போட்டாயா?" என்று ஒருவரை ஒருவர் மிரட்டிவிட்டு வைப்பீர்கள். அதன்பிறகு நோட்டை எடுப்பீர்கள். கூட வேலை பார்த்த பதினெட்டுப் பேரின் எண்கள் அதில் இருந்தன. அங்கே தேர்தல் நெருங்க நெருங்க ஒவ்வொருவருக்கும் நான் எண்ணை அழுத்தித் தருவேன். எல்லாரிடமும் ஒரே கேள்விதான். "பெயர் பட்டியலில் இருக்கிறதா, பார்த்தாயா?"

"ஏன் அத்தை, அவங்களுக்கே தெரியாதா?" என்று கேட்டேன்.

"வயசானா வீட்டுக்குள்ள உக்காந்து டீவியப் பாத்துப் பயந்துக்கிட்டே கெடக்கத் தோணும் பிள்ள. எனக்கும் அப்படித்தான் இருக்கு. அதான் போன் போடுதேன்."

உங்களுக்கும் பயம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அக்டோபரில் உங்கள் ஓட்டுச்சீட்டு இ-மெயிலில் வந்தது. தாளில் அச்செடுத்து, பூர்த்தி செய்து, தபாலில் அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அமெரிக்கக் குடிமக்களுக்கு உங்கள் மாநிலத்தில் அப்படித்தான். விடாத மழை. குற்றாலத்தில் மெயின் அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். நாம் ஆட்டோவில் தென்காசிக்குப் போய் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஏறினோம். கடைக்கார அண்ணாச்சி தாளை உருவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஆச்சி, அமெரிக்காவுல ஓட்டுக்கு என்ன தருதாங்க? மிக்ஸியா, கிரைண்டரா?"

"ஒரு ஸ்டிக்கர் தருவாங்க தம்பி."

"ஸ்டிக்கரா? அதுக்கா இந்த மழையில வந்திய?"

"தபால்ல போட்டா அதுவும் கெடையாது" என்றீர்கள். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, ஈரம் படாமல் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தந்தார்.

வீட்டுக்கு வந்து, போட்டியிடுகிறவர்கள் பெயர்களை எல்லாம் உங்களுக்குப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும், "சரி, வெளிய போ" என்றீர்கள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நீங்களே குறித்தீர்கள். ஒரு மணி நேரம் நான் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கூப்பிட்டபோது சீட்டை ஓர் உறையில் போட்டு ஒட்டி, அதை இன்னோர் உறைக்குள் வைத்து ஒட்டியிருந்தீர்கள். வெளி உறையின் பின்பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் வலது கை எப்போதும் நடுங்கும். பழைய தாளில் ஆறு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உறையில் போட்டீர்கள்.

"இன்னொரு தடவ இப்படி வராதுட்டி. பத்திரமாக் கொண்டுபோய்ச் சேத்துரு."

அடுத்த நாள் காலையில் நான் அதைச் செய்தேன். யாரும் சொல்லவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிற கடிதம் மஞ்சள் வைக்காமல் போகக்கூடாது என்று பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். சாமி படத்தின் முன்னால் உறையை வைத்து, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, முன்னும் பின்னும் நாலு மூலையிலும் தொட்டு வைத்தேன். உங்கள் ஓட்டு ஜெயிக்க வேண்டும் என்று கும்பிடவும் செய்தேன். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

தபால் ஆபீஸில் கவுண்டரில் இருந்த அக்கா உறையைப் பார்த்தார். "என்ன பாப்பா, கல்யாணப் பத்திரிகையா?"

"இல்லக்கா, ஓட்டு."

"ஓட்டா? அமெரிக்காவுக்கா? ஏட்டி, வெளிநாட்டுத் தபால்ல பொடி கிடி இருந்தா அவங்க பயந்துருவாங்க. பிரிச்சு, சோதனை போட்டு... தொடைச்சுட்டுத் தா."

 கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். மழையில் நனைந்த கைக்குட்டை. மஞ்சள் போகவில்லை, இழுபட்டு உங்கள் கையெழுத்தின் கடைசி எழுத்துகள் மேல் ஏறி, மையையும் கொஞ்சம் கரைத்தது. வீட்டுக்குத் திரும்பி ஓடி வந்திருக்க வேண்டும். புது உறை, புதுக் கையெழுத்து. ஆனால் 'இன்னொரு தடவ வராது' என்று நீங்கள் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் பின்னால் வரிசை நின்றது. நான் அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சீட்டோடு வந்த விதிமுறைத் தாளை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். தேவையில்லாத குறிகள் இருந்தால் நிராகரிக்கலாம் என்று ஒரு வரி சீட்டைப் பற்றி இருந்தது. உறையைப் பற்றி இல்லை. சீட்டைப் பற்றிச் சொன்னது உறைக்கும் பொருந்துமா என்று வகுப்பில் உட்கார்ந்து யோசிப்பேன். பொடி என்று நினைத்துப் போலீஸைக் கூப்பிட்டு, உங்கள் பெயரை எழுதி வைத்துக்கொள்வார்களோ? நீங்கள் திரும்ப அங்கே போனால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்களோ? தெருவில் ஜீப் சத்தம் கேட்டால்கூட எட்டிப் பார்த்தேன். வீரகேரளம்புதூர் போகிற ஏதோ ஜீப்பாக இருக்கும்.

நீங்கள் தினமும் கேட்டீர்கள். "போய்ச் சேந்துட்டான்னு பாருட்டி." உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் போட்டால் ஓட்டு எங்கே இருக்கிறது என்று அங்கத்தத் தேர்தல் ஆபீஸின் இணையப் பக்கம் காட்டும். "இன்னும் இல்ல அத்தை" என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி. அப்படி நிம்மதிப்பட்டதற்காகவும் பயந்தேன்.

பிறகு உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டித் தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உங்கள் மூக்கில் குழாய் வைத்த நர்ஸ் பெண்ணிடம் ஆக்ஸிஜன் எத்தனை லிட்டர் என்று கேட்டு, கூட்டச் சொன்னீர்கள். அன்றைக்குத்தான் இணையப் பக்கம் மாறியது. வந்து சேர்ந்துவிட்டது, கையெழுத்து பதிவேட்டில் இருப்பதோடு பொருந்தவில்லை, வாக்காளர் ஒரு படிவத்தில் மறுபடி கையெழுத்திட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஐந்து நாள்தான் இருந்தது.

அதில் இரண்டு நாளை நான் தின்றுவிட்டேன். "இன்னும் இல்ல" என்றே உங்களிடம் பொய் படித்தேன். சின்ன எழுத்தைப் படிக்க நீங்கள் நம்பின ஒரே ஆள் நான்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள், கைக்குட்டை, இரண்டு நாள் பொய். சிரித்துவிடுவீர்கள் என்று ஓர் ஓரத்தில் எதிர்பார்த்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"யாரக் கேட்டு என் ஓட்டத் தொட்ட?"

நான் அழுதேன்.

"அழாத. மஞ்ச வச்சது கூடப் பரவால்ல. தெரியாமச் செஞ்ச. பொய்யா வாசிச்ச பாரு, அது தெரிஞ்சு செஞ்சது." மூச்சு வாங்கியது.  பிறகு, "மஞ்சளா, என் நடுக்கமா, எதுன்னு யாரு கண்டா? போய்ப் படிவத்த எடுத்துட்டு வா" என்றீர்கள்.

மழையில் ஓடி, அதே ஜெராக்ஸ் கடையில் எடுத்து வந்தேன். என் வரலாற்றுப் புத்தகத்தை உங்கள் மடியில் வைத்து, அதன்மேல் படிவத்தை வைத்தேன். பேனா காகிதத்தைத் தொடாமல் மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. நான் உங்கள் மணிக்கட்டைப் பிடிக்கப் போனேன்.

"கையப் பிடிக்காத. நீ பிடிச்சா அது என் கையெழுத்து இல்ல."

ஆங்கிலத்தில் உங்கள் பெயரில் பதினோரு எழுத்து. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பேனாவை எடுத்து மூச்சு வாங்கினீர்கள். டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ் பெண் பாதியில் நின்றுவிட்டாள். "ஆச்சியோட சொத்துப் பத்திரமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நான் தலையாட்டக்கூட இல்லை. ஆட்டினால் கட்டில் அசையும் என்று பயம். கையெழுத்து கோணல்மாணலாக, தாளின் ஓரத்தைத் தொட்டு முடிந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "இப்ப உண்மையா வாசி" என்றீர்கள். 'பெற்றுக்கொண்டோம்' என்று வந்த பதிலை வாசித்தேன்.

அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் நீங்கள் போய்விட்டீர்கள். அங்கே தேர்தலுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், ஏழு மணிக்கு உங்கள் போன் அடித்தது. வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். டோரத்தி அம்மாவுக்கு அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகன் சொல்லியிருந்தார். அழுது முடித்துவிட்டு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அவள் ஓட்டு போய்ச் சேர்ந்ததா?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மஞ்சள் கதையைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "பக்கத்தைத் திற, இரண்டு பேரும் பார்ப்போம்" என்றார். திறந்தேன். ஏற்கப்பட்டது என்று இருந்தது. வாசித்தேன். அவர் நம்பவில்லை போல. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

"அவள் ஓட்டு என் ஓட்டைக் கழித்துவிடும், தெரியுமா?" என்றார். "நாற்பது வருஷமாக அப்படித்தான். நல்லது. நான் செவ்வாய்க்கிழமை நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய் என்னுடையதைப் போடுகிறேன்."

போட்டவர் தேர்தலுக்கு முன்னால் இறந்துபோனால் ஓட்டு செல்லுமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. பிறகு படித்துப் பார்த்தேன். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறாம். உங்கள் மாநிலத்துச் சட்டத்தை மட்டும் நான் இன்னும் திறக்கவில்லை, அத்தை. எதைப் பார்த்தாலும் படிக்கிற எனக்கு அந்த ஒன்றைப் படிக்கத் தைரியம் வரவில்லை.

இங்கேயும் தேர்தல் வரப்போகிறது. நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டே அம்மா என்னிடம் கேட்டாள், "போன தடவ எந்தப் படத்துல அமுக்கச் சொன்னாரு உங்க அப்பா? மறந்துட்டு. இந்தத் தடவயும் அதானா? நீ கேட்டுச் சொல்லு."

எனக்குக் கேட்கவே வேண்டாம். அப்பா சொல்வது தெரியும். அவர் நடு அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"நான் சொல்லமாட்டேம்மா. அது உனக்குள்ளது" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. உள்ளே பேப்பர் புரளும் சத்தம் நின்றது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா கையில் தட்டோடு என்னையே பார்த்தாள். "அப்ப நானேவா யோசிக்கணும்?" என்றாள்.

"ஆமாம்மா."

அப்பா இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. எப்போது கேட்பாரோ என்றுதான் இருக்கிறது. காலையில் அம்மா தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு, திருப்பிப் போட மறந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். தோசை கருகியது. நான் கூப்பிடவில்லை.