மாப்பிள்ளை கழட்டின டிரைவ்

2025 பெப்ரவரி 4, செவ்வாய்

பத்து டிசைன்ல ஆறு முடிஞ்சிது. அபாயாக் கைக்குப் போடுற கொடிப்பூ டிசைன் இண்டைக்குத்தான் சரியா வந்த. மற்ற அஞ்சையும் தங்கச்சி றுமானாட கல்யாணத்துக்கு மாமிமாருக்குத் தைச்சும் பார்த்தாச்சு. இருபத்தஞ்சாந் திகதி பத்தையும் கச்சி முகம்மது காக்காட அபாயாக் கடைக்குக் குடுக்கணும். பிந்தினா கொழும்புல வாங்கிருவாராம். போன பெருநாளுக்கும் அப்படித்தான் என்னை விட்டுட்டு வாங்கினார்.

என்ட எம்பிராய்டரி சொப்ட்வெயார் பழைய விண்டோஸ்லதான் ஓடும். பழைய கம்பியூட்டர் உப்புக்காத்துல செத்த பிறகு, டவுன்ல கம்பியூட்டர் திருத்துற உதயரூபன் அதை அப்படியே வேர்ச்சுவல் மெசினா மாத்தித் தந்தார், கம்பியூட்டருக்குள்ள ஒரு கம்பியூட்டர். லெப்டொப்ல இடமில்ல, அதால எல்லாம் இந்த யூ.எஸ்.பி டிரைவுக்குள்ள கிடக்கு. ஆறு வருச வேலை.

6, வியாழன்

எனக்கு விசர் வருது.

பின்னேரம் அசறு தொழுதிட்டு வந்தா டிரைவ் இல்ல. லெப்டொப் மூடினபடி, வயர் மட்டும் தொங்குது. வீடெல்லாம் தேடி, கடைசில டீவிக்குப் பின்னால கண்டன். தங்கச்சி மாப்பிள்ளை ஸியாம்தான் கழட்டிக்கொண்டு போயிருக்கார். அவர்ட உம்மா வந்தாவாம், கல்யாண வீடியோ பார்க்கணுமாம். கொழுவிக் குடுத்திட்டு, பொம்புளைகள்ர வீடியோ எண்டு மரியாதையா வெளிய போய் நிண்டாராம். மரியாதை!

மூடியிருந்துச்சு, ஓஃப் எண்டு நினைச்சிட்டன் ராத்தா, எண்டார். சிரிச்சிக்கிட்டுச் சொன்னார். உள்ளுக்குள்ள மெசின் ஓடிக்கிட்டிருந்த. திரும்பக் கொழுவிப் பார்த்தா திறக்க ஏலாது எண்டு ஒரே ஒரு வரி.

வாயத் திறந்தன். உம்மா குசினிக்குள்ள இருந்து வந்து என்ட கையப் புடிச்சா.

"நாப்பது நாளைக்கு மாப்பிள்ளைக்கு இந்த வீட்டில முகம் சுளிக்கப்படாது. பொண்டாட்டி வீட்டுக்குக் குடிவந்த மனுசன்கா அவர்."

கல்யாணம் முடிஞ்சு பதினொரு நாள்தான் ஆகுது. இன்னும் இருபத்தொன்பது நாள் நான் இத என்ட வயித்துக்குள்ள வைச்சிருக்கணும்? நான் சிரிச்சன். பரவாயில்ல மச்சான் எண்டும் சொன்னன். என்ட வாயில நெருப்பத்தான் வைக்கணும்.

7, வெள்ளி

ஜும்ஆ முடிஞ்சு வந்தவருக்கு ஆட்டுக்கறி, வட்டிலப்பம். பரிமாறினது நான்.

8, சனி

டவுனுக்குப் போனன். உதயரூபன் ரெண்டு மணித்தியாலம் பார்த்தார். டிரைவுல எழுதிக்கொண்டிருக்கக்குள்ள கழட்டினதால மெசின்ட கோப்பு உடைஞ்சிட்டாம். போன ஜூன்ல எடுத்த பிரதி ஒண்டு அவர்ட்ட இருக்கு. அதுக்குப் பிறகு செஞ்ச நாப்பத்திமூணு டிசைனும் போச்சு. இந்த ஆறும் அதுக்குள்ளதான்.

மறுகா கேட்டார்: "இதுக்குள்ள வேற ஒண்டும் போட வேணாம் எண்டு சொன்னனான்தானே அக்கா. கல்யாண வீடியோ எப்படி வந்த?"

நான்தான் போட்ட. வீடியோக்காரன் அவன்ட பெண்டிரைவத் திருப்பிக் கேட்டான், இடம் இதுலதான் இருந்த. லெப்டொப்ப மூடினாலும் ஓடுற மாதிரி வைச்சதும் நான். மெசினை ஒழுங்கா நிப்பாட்டித் திரும்பத் திறக்க எட்டு நிமிசம் போகும், அந்தச் சோம்பல். ஜூனுக்குப் பிறகு ஒரு பிரதி எடுத்தனா? அதுவும் இல்ல.

ஓம், என்ட பிழையும்தான். அதுக்காக? கழட்ட முதல் ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சிருமா?

10, திங்கள்

காக்காக்கு விசயத்தச் சொன்னன். இருபத்தஞ்சு எண்டா இருபத்தஞ்சுதான் நஸ்ஹா, எண்டார்.

வீட்டுக்கு வந்தா என்ட மேசையில மஸ்கட் அல்வா. மாப்பிள்ளை வைச்சதாம். நான் தொடல்ல. எறும்பு திண்டிச்சு.

13, வியாழன்

கொடிப்பூவத் திரும்பக் கீறிப் பார்த்தன், மூணு தரம். கொடி வளையிற இடம் வருதில்ல. நான் செஞ்சதுதானே, எனக்கே ஏன் தெரியல்ல? அழுகையும் கோபமும் ஒண்டா வந்து, பென்சில உடைச்சன். அடுத்த அறையில அவர் சிரிக்கிற சத்தம். உம்மாவும் சேர்ந்து சிரிக்கா.

15, சனி

றுமானா கிட்ட வந்து இருந்தா. கல்யாண வீடியோவ நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்து, எந்த மாமி எந்த டிசைன் உடுத்திருந்தா எண்டு பேர் எழுதித் தரச் சொன்னாராம் அவர். என்னத்துக்கு எண்டு கேட்டா சொல்றாரில்லையாம். இன்னும் என்னத்தக் கழட்டப் போறாரோ.

18, செவ்வாய்

அல்லாஹ்வே.

ஏறாவூர், ஓட்டமாவடி எண்டு மோட்டார் சைக்கிள்ல ஒவ்வொரு மாமி வீடாப் போயிருக்கார். புது மாப்பிள்ளை! வாசல்ல நிண்டு, மாமி, நீங்க கல்யாணத்துக்கு உடுத்த அபாயாவத் தாங்க எண்டு கேட்டிருக்கார். ஓட்டமாவடி மாமி உம்மாக்குக் கோல் எடுத்து, மாப்பிள்ளைக்குப் புத்தி சரியா எண்டு கேட்டாவாம். உம்மா முந்தானையால முகத்த மூடிக்கிட்டு இருந்தா.

அஞ்சு அபாயாவும் சொப்பிங் பேக்கோட என்ட மேசையில. தையல் எல்லாம் கண்ணுக்கு முன்னால, பார்த்துப் பார்த்துக் கீறலாம். எனக்கு ஏன் இது தோணல்ல? மனசுக்குள்ள ஏசி ஏசியே மூளை போயிட்டு.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கோபமும் போகல்ல.

25, செவ்வாய்

ஒன்பது குடுத்தன். அந்த அஞ்சு, புதுசா நாலு. கொடிப்பூ கடைசி வரைக்கும் வரல்ல. பத்தாவது எங்க எண்டார் காக்கா. புது மாப்பிள்ளை திண்டுட்டார் எண்டன். அவருக்கும் கதை போயிருக்கு, சிரிச்சார். ஒன்பதையும் எடுத்தார். நாளைக்கு அவர்ட எம்பிராய்டரி மெசின்ல ஏத்துறாராம்.

26, புதன்

அசறுக்குப் பாங்கு சொல்லிச்சு. லெப்டொப்பச் சாத்திட்டு எழும்பினன். ஸியாம் கதவடியில நிண்டு, மெதுவா, "ராத்தா, டிரைவ்ட லைட் இன்னும் மினுங்குது. உள்ள மூடல்லயா?" எண்டார்.

அவ்வளவுதான். இருபது நாள் வயித்துக்குள்ள கிடந்ததெல்லாம் வெளிய வந்திட்டு. நீங்க எனக்குச் சொல்லித் தாறீங்களா எண்டு தொடங்கினன். நாப்பத்திமூணு டிசைன், கொடிப்பூ, ஆட்டுக்கறி, அல்வா, எறும்பு, ஒண்டையும் விடல்ல. உம்மா ஓடி வந்தா. நான் நிப்பாட்டல்ல. றுமானா அழத் தொடங்கிட்டா. அதுக்கும் நிப்பாட்டல்ல.

அவர் தலையக் குனிஞ்சு முழுக்கக் கேட்டார். முடிஞ்ச பிறகு சொன்னார்:

"முப்பது நாளா எல்லாரும் சிரிச்சிக்கிட்டே இருந்தீங்க ராத்தா. எனக்குச் சோறே இறங்கல்ல."

நான் திரும்பப் போய் இருந்து, மெசினை ஒழுங்கா மூடி, லைட் நூருற வரைக்கும் பார்த்தன். எட்டு நிமிசமும் இல்ல, மூட மட்டும் எண்டா ரெண்டு நிமிசம்தான் போச்சு. தொழுதிட்டு வரக்குள்ள குசினியில சத்தம். ஸியாம், தானே பீங்கான் எடுத்து, பானையில இருந்து பகல் சோத்தப் போட்டு, உம்மாட பலகையில குந்தி இருந்து திண்டுக்கொண்டிருந்தார்.

உம்மா தடுக்கல்ல. கறிச்சட்டிய அவர் பக்கம் தள்ளி வைச்சா.